2019 எம்எக்ஸ்-5, கேட்கும் விலை 92,800 வெள்ளி: நியாயமா?

யீஷூன்வாசி | 29 நவம்பர் 2025, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். இங்கே சிங்கப்பூரில், உபி வட்டாரத்தில் ஒரு விற்பனையாளரிடம் மாஸ்டா எம்எக்ஸ்-5 ஆர்எஃப் (கூரை திறந்து மூடும் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று நிற்கிறது. 2.0 என்ஜின், மேனுவல் கியர், சாம்பல் நிறம். போன சனிக்கிழமை பார்த்ததிலிருந்து வேறு எதுவும் மனதில் ஓடவில்லை. பணம் கொடுப்பதற்கு முன்னால் விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

முதல் பதிவு ஜூன் 2019. ஓடியது 61,000 கிலோமீட்டர். வாங்கினால் நான் நான்காவது உரிமையாளர். ஓஎம்வி (வரிகளுக்கு முந்தைய இறக்குமதி மதிப்பு) 32,000, ஏஆர்எஃப் (பதிவின்போது கட்டிய கூடுதல் கட்டணம்) 36,800, அன்றைக்குக் கட்டிய சிஓஇ (ஏலத்தில் வாங்கும் பத்து வருட கார் உரிமை) 40,000 (எல்லாவற்றையும் முழு ஆயிரமாகவோ நூறாகவோ ஆக்கிச் சொல்கிறேன்). சிஓஇ ஜூன் 2029 வரை. டிசம்பரில் கைமாறினால் 42 மாதம் மிச்சம்.

என் கணக்கு இது. பத்து வயதுக்குள் பதிவு நீக்கினால் பார்ஃப் (ஏஆர்எஃப்பில் திரும்பக் கிடைக்கும் பங்கு) 18,400 திரும்ப வரும். 92,800-இலிருந்து அதைக் கழித்து மூன்றரை வருடத்தால் வகுத்தால் வருடத்துக்கு 21,257 வெள்ளி டிப்ரீ, அதாவது தேய்மானம். இரண்டே பேர் உட்காரும் காருக்கு இது அதிகமா, சரியா? இரண்டு வருடம் வைத்திருந்துவிட்டு விற்பதாக உத்தேசம். வேலைக்குப் போக எம்ஆர்டி ரயில் இருக்கிறது. கார் வார இறுதிக்கும் எப்போதாவது மலாக்கா போய்வரவும்தான். மனைவியிடம் 3ஏ லைசன்ஸ் (ஆட்டோ கியர் மட்டும்), அதனால் ஓட்டப்போவது நான் மட்டும்.


கணக்குப்பிள்ளை | 29 நவம்பர், இரவு 11.25

தம்பி, நீங்கள் போட்ட டிப்ரீ சரிதான். ஆனால் வருடத்துக்கு எவ்வளவு கரையும் என்பதை மட்டும்தான் அது சொல்லும். கார் அந்த விலை பெறுமா என்பதற்கு அதில் பதில் கிடையாது. நான் விலையைத் துண்டு துண்டாகப் பிரித்துத்தான் பார்ப்பேன்.

முதல் துண்டு பேப்பர். இன்றைக்கே காரைப் பதிவு நீக்கினால் அரசாங்கத்திடமிருந்து வருகிற பணம் அது. கார் ஆறு வயதைத் தாண்டிவிட்டது, ஏழு ஆகவில்லை. அதனால் ஏஆர்எஃப்பில் 65 விழுக்காடு, அதாவது 23,920. சிஓஇயில் மிச்சமிருக்கும் 42 மாதத்துக்கு 14,000. மொத்தம் 37,920 வெள்ளி. இதில் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது, லாக் கார்டில் (காரின் பதிவு விவரத் தாள்) இருக்கிற எண்களை வைத்து நீங்களே போட்டுவிடலாம்.

92,800-இல் அதைக் கழித்தால் 54,880. விற்பனையாளர் இதை “பாடி” என்பார். இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும். இந்தக் கார் கப்பலிலிருந்து இறங்கியபோதே ஓஎம்வி 32,000தான். ஆறரை வயதான பிறகு அதன் இரும்புக்கு எப்படி 54,880 விலை வரும்?

அதற்குள் இரண்டாவது துண்டு ஒன்று ஒளிந்திருக்கிறது. இப்போது பி பிரிவு (பெரிய என்ஜின் கார்களுக்கான) சிஓஇ நூறாயிரத்துக்கு மேலே. கணக்குக்கு 110,000 என்று வையுங்கள். இன்றைய விலையில் 42 மாதம் சாலையில் ஓட்டும் உரிமையின் மதிப்பு 38,500. இந்தக் கார் அதே உரிமையை 14,000-க்கு வைத்திருக்கிறது. வித்தியாசம் 24,500. அதையும் கழித்தால் உண்மையான இரும்பின் விலை 30,380 வெள்ளி.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். இந்த எம்எக்ஸ்-5, இந்த நிலைமையில், 30,380 பெறுமா? மற்றதெல்லாம் கணக்கு. இது மட்டும்தான் கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும் முடிவுசெய்ய வேண்டியது.

இன்னொன்று. அந்த 24,500 சிஓஇ ஏலத்தோடு ஆடிக்கொண்டே இருக்கும். 2023 அக்டோபரில் பி பிரிவு 150,001 வெள்ளிக்குப் போனது, சில மாதத்திலேயே நூறாயிரத்துக்குக் கீழே இறங்கியது. நாளைக்கு 80,000 ஆனால் உங்கள் கார் நின்ற இடத்திலேயே 10,500 வெள்ளி குறையும். காரில் ஒரு கீறல்கூட விழுந்திருக்காது.


பழைய_பிஸ்டன் | 30 நவம்பர், காலை 7.10

நான் காக்கி புக்கிட்டில் இருபது வருடத்துக்கு மேலாக ஒர்க்‌ஷாப்பில் இருப்பவன். விலை விவகாரம் கணக்குப்பிள்ளைக்கு நன்றாகத் தெரியும், நான் இரும்பைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் லாக் கார்டில் பதிவு வருடத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் தயாரிப்பு வருடத்தையும் பாருங்கள். இந்த மாடலில் 2018-ல் பெரிய மாற்றம் நடந்தது. 2.0 என்ஜின் 160 குதிரைத்திறனிலிருந்து 184-க்கு ஏறியது. ஆர்பிஎம் மீட்டரில் சிவப்புக் கோடு பழையதில் 6,800, புதியதில் 7,500. ஷோரூமில் தேங்கிய பழைய கார் 2019-ல் பதிவாகியிருக்கலாம். இரண்டுக்கும் ஒரே விலை கொடுத்தால் நஷ்டம் உங்களுக்கு. முதலில் வந்த கார்களின் மேனுவல் கியர்பாக்ஸ் கொஞ்சம் பலவீனம் என்பதும் இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்தது.

காரைப் பார்க்கப் போகும்போது என்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். குளிர்ந்த என்ஜின் எழும் முதல் பத்து வினாடியில் கேட்கும் சத்தம் பிறகு கேட்காது.

அடுத்தது ஓட்டுநர் இருக்கையின் கதவுப் பக்க விளிம்பு. தாழ்வான காரில் ஏறும்போதும் இறங்கும்போதும் தொடை அங்கேதான் உரசும். அது நைந்து வெளுத்துப்போயிருக்க, மீட்டர் மட்டும் குறைவாகக் காட்டினால் சர்வீஸ் ரசீதுகளைக் கேளுங்கள். வருடாவருடம் கிலோமீட்டர் ஒழுங்காக ஏறிவந்திருக்கிறதா என்று தேதியோடு ஒப்பிடுங்கள்.

ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையைப் பாருங்கள். தொழிற்சாலையில் காரோடு சேர்த்துத்தான் அதற்கும் பெயிண்ட் அடிப்பார்கள். தலையில் பெயிண்ட் உரிந்திருந்தால் யாரோ ஸ்பானர் போட்டிருக்கிறார்கள். ஸ்பானர் போட்டது குற்றமில்லை, ஏன் போட்டார்கள் என்பது தெரிய வேண்டும்.

டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 0919 என்றால் 2019-ஆம் ஆண்டின் 9-ஆவது வாரம். கோடு ஆழமாக இருந்தாலும் ஆறு வயது டயர் நம் ஊர் வெயிலில் கல்லாகிவிடும். மழையில் அதை நம்பி எக்ஸ்பிரஸ்வேயில் போகாதீர்கள்.

மலேசியாவின் சிப்பாங் பந்தயத் தடத்துக்குப் போய்வந்த கார் என்றால் சக்கர வளைவுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உருகி ஒட்டிய ரப்பர் துணுக்கு கறுப்புக் கடுகுபோல அங்கங்கே இருக்கும். பிரேக் டிஸ்க்கில் முடியளவு வெடிப்பு தெரியும். தடத்தில் ஓடிய கார் எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன், என் வாடிக்கையாளர்களில் மிக நன்றாகக் காரைப் பராமரிப்பவர்கள் அவர்கள்தான். ஆனால் அதை மறைத்து விற்றால் வேறு என்ன மறைத்தார்கள் என்று யோசியுங்கள்.


ஒன்பதாயிரம் | 30 நவம்பர், காலை 9.30

என்னிடம் 2008 ஹோண்டா எஸ்2000 இருக்கிறது, பதினோரு வருடமாக. 2018-ல் 36,000 கட்டி சிஓஇயைப் புதுப்பித்தேன். ஆகஸ்ட் 2028 வரை ஓடும். கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்ன வழி குடும்பக் காருக்குப் பொருந்தும். ஸ்போர்ட்ஸ் காருக்கு முழுக்கப் பொருந்தாது என்பது என் எண்ணம்.

போன மாதம் ஒருவர் என் காரை 145,000-க்குக் கேட்டார். புதுப்பித்த காருக்குப் பார்ஃப் கிடையாது. சிஓஇ மிச்சம் 9,600 மட்டும். இன்றைய சிஓஇ விலையில் போட்டாலும் 29,000 சொச்சம். மீதி 115,000-க்கு மேல் வெறும் இரும்புக்கு! டிப்ரீ போட்டால் வருடம் 54,000-க்கு மேல் வரும், பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் 2028-ல் இந்தக் கார் குப்பைக்குப் போகாது, மறுபடி புதுப்பிப்பார்கள். ஹோண்டா 2009-ல் இதை நிறுத்திவிட்டது, உலகம் முழுக்கச் செய்ததே சுமார் 110,000 கார்கள்தான். டிப்ரீ கணக்கு சிஓஇ முடியும் நாளில் இரும்பு பூஜ்யம் என்று வைத்துக்கொள்கிறது. எது பூஜ்யம் ஆகும், எது ஆகாது என்று தெரிந்துகொள்வதுதான் ஸ்போர்ட்ஸ் காரின் விலையை அறிவது.

ராத்திரி நேரத்தில் லிம் சூ காங் சாலையில் கூரையைத் திறந்துவிட்டு மூன்றாவது கியரில் போகும்போது அந்த என்ஜின் 6,000-ஐத் தாண்டியதும் குரல் மாறும். அதற்கு என்ன விலை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.


கணக்குப்பிள்ளை | 30 நவம்பர், காலை 10.15

ஒன்பதாயிரம் சொல்வதை ஏற்கிறேன், எஸ்2000 விஷயத்தில். ஆனால் தம்பி பார்ப்பது எம்எக்ஸ்-5. அதை மாஸ்டா இன்னும் தயாரித்துக்கொண்டிருக்கிறது. புதிது கிடைக்கும்வரை பழையதைச் சேகரிப்பாளர் விலைக்கு யாரும் வாங்கமாட்டார்கள்.

சிஓஇயைப் புதுப்பிப்பதையும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. மூன்று மாத சராசரி சிஓஇ விலையை மொத்தமாகக் கட்ட வேண்டும், பார்ஃப் போய்விடும். ஐந்து வருடத்துக்கு மட்டும் என்றால் பாதி கட்டலாம், ஆனால் அதற்குப் பிறகு மறுபடி புதுப்பிக்க முடியாது. பத்து வயது தாண்டியதும் வருடாவருடம் பரிசோதனை. சாலை வரியும் படிப்படியாக ஏறி, பதினான்கு வயதுக்குப் பிறகு 50 விழுக்காடு கூடுதலில் நிற்கும். இரண்டு லிட்டர் காருக்கு வருடம் சுமார் 1,210 கட்டுகிற இடத்தில் 1,815.

தம்பிக்கு இன்னொரு கணக்கு. இரண்டு வருடம் கழித்து, டிசம்பர் 2027-ல், பார்ஃப் 55 விழுக்காடாகும்: 20,240. சிஓஇ மிச்சம் 18 மாதம்: 6,000. பேப்பர் 26,240. ஆக, இரண்டு வருடத்தில் பேப்பர் கரைவது 11,680, இது நிச்சயம். மீதி எவ்வளவு கரையும் என்பது நீங்கள் இன்று இரும்புக்கு எவ்வளவு அதிகம் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.


தேக்கா_அக்கா | 30 நவம்பர், பிற்பகல் 1.05

என் அனுபவத்தைச் சொல்கிறேன், தம்பிக்கு உதவும்.

2023-ல் ஒரு டொயோட்டா 86 வாங்கினேன். 2013 பதிவு, சிஓஇ புதுப்பித்தது. விலை மற்ற விளம்பரங்களைவிட 6,000 வெள்ளி குறைவு. நல்ல பேரம் என்று சந்தோஷப்பட்டேன். சத்தம் அருமையாக இருந்தது, புகைபோக்கி மாற்றியிருக்கிறது என்று பெருமையாகவே சொன்னார்கள். வருடாந்திரப் பரிசோதனைக்குக் கொண்டுபோனபோது நின்றுவிட்டது. அந்த எக்ஸாஸ்ட்டுக்கு எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) அனுமதி இல்லை. ஒரிஜினல் எங்கே என்று விற்பனையாளரிடம் கேட்டால் முந்தைய உரிமையாளர் தரவில்லை என்றார். முந்தையவரைக் கண்டுபிடிக்க வழியில்லை. பழைய ஒரிஜினல் ஒன்றைத் தேடிப்பிடித்து மாட்டுவதற்குள் மூன்று வாரம், கார் நின்ற இடத்திலேயே. அதற்குள் கிளட்ச் பேரிங்கும் கத்த ஆரம்பித்துவிட்டது. குறைவாகக் கொடுத்த 6,000-ம் போய் அதற்கு மேலும் போனது.

அதனால் கேளுங்கள்: எது எது மாற்றியிருக்கிறது, அதற்கு அனுமதிக் கடிதம் இருக்கிறதா, கழற்றிய ஒரிஜினல் பாகம் எல்லாம் பெட்டியோடு வருமா? மாற்றியதற்குச் செலவு செய்தேன் என்று விற்பவர் விலை கூட்டுவார். அந்த இடத்தில் விலை குறையத்தான் வேண்டும்.

86 பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆரம்பகாலக் கார்களுக்கு வால்வு ஸ்பிரிங் ரீகால் (தயாரிப்பாளரே திரும்ப அழைத்து மாற்றித் தருவது) 2018-ல் வந்தது. செய்திருக்கிறதா, யார் செய்தார்கள் என்று கேளுங்கள். அதற்கு என்ஜினையே பிரிக்க வேண்டும், செய்த கை முக்கியம்.

குறையுள்ள பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும் லெமன் சட்டம் 2012 செப்டம்பரிலிருந்து பழைய கார்களுக்கும் உண்டு. ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, கொடுக்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும், இல்லை என்று விற்றவர்தான் நிரூபிக்க வேண்டும். ஆனால் வியாபாரியிடம் வாங்கினால்தான் அது. உரிமையாளரிடமிருந்து நேரடியாக வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. நேரடி விற்பனையில் விலை குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். என் கார் பரிசோதனையில் நின்றபோது வாங்கி ஏழு மாதம் ஆகிவிட்டிருந்தது.


சிராங்கூன்_7 | 30 நவம்பர், மாலை 4.50

கடன் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஓஎம்வி 20,000-க்கு மேல் என்றால் கடன் அதிகபட்சம் 60 விழுக்காடு. 92,800-க்கு 55,680 கிடைக்கும், 37,120 கையிலிருந்து போட வேண்டும். தவணையும் சிஓஇ முடிவதற்குள் முடிய வேண்டும். காப்பீட்டுக்கு இப்போதே விலைப்புள்ளி வாங்குங்கள். இரண்டு இருக்கை, திறக்கும் கூரை என்றதும் சில கம்பெனி பிரீமியத்தை ஏற்றும், சில கம்பெனி எடுக்கவே மாட்டார்கள்.

இன்னொரு யோசனை. இதே வருடம், இதே மாடல் வைத்திருக்கும் யாரையாவது தெரிந்தால், அவர் விற்றால் வியாபாரிகள் என்ன கொடுப்பார்கள் என்று விசாரிக்கச் சொல்லுங்கள். விளம்பரத்தில் இருப்பது விற்பவரின் ஆசை. வியாபாரி ரொக்கமாகக் கொடுக்கத் தயாராக இருக்கும் விலைதான் அடிமட்டம். நியாயமான விலை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும்.


யீஷூன்வாசி | 6 டிசம்பர், இரவு 9.20

இன்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பழைய_பிஸ்டன் அண்ணன் சொன்னதை எல்லாம் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

காலையில் நல்ல மழை. வேண்டுமென்றேதான் அந்த நேரத்தில் போனேன். கார் திறந்த வெளியில் நனைந்துகொண்டு நின்றது, பானெட் குளிர்ந்திருந்தது. சாவியை வாங்கி நானே ஸ்டார்ட் செய்தேன். முதலில் ஒரு நிமிடம் வேகமாக ஓடி, பிறகு இறங்கி அமைதியானது. தட்டும் சத்தம் எதுவும் கேட்கவில்லை. லாக் கார்டில் தயாரிப்பு வருடமும் 2019. மீட்டரில் சிவப்பு 7,500-இல்தான் தொடங்குகிறது. அதைப் பார்த்ததும் மனது கொஞ்சம் நிம்மதியானது.

மழை விட்டதும் கூரையைத் திறந்தேன். பதின்மூன்று வினாடி என்று படித்திருந்தேன், கடிகாரத்தில் பார்த்தேன், அதேதான். ஆனால் மூடும்போது இடதுபக்கம் ஒரு “கிறீச்”. இடது இருக்கைக்குப் பின்னால் கம்பளத்தை விரலால் அழுத்தினேன். விரல் ஈரமானது. மோந்து பார்த்தால் நனைந்த துணியை இரண்டு நாள் வாளியில் போட்டுவைத்த வாசனை. உலர வைத்தால் சரியாகிவிடும், கார் கழுவும்போது தண்ணீர் போயிருக்கும் என்றார் விற்பனையாளர்.

முன் வலது ஃபெண்டரில் இரண்டு போல்ட் தலையில் பெயிண்ட் இல்லை. கேட்டதும் மறைக்காமல் சொன்னார்: பலமாடி வாகன நிறுத்துமிடத்தில் தூணில் உரசியதாம், பழைய உரிமையாளரின் ரசீது இருக்கிறது என்று காட்டினார். ஒரு பேனல் பெயிண்ட், அவ்வளவுதான். ஹெட்லைட் தாங்கிகள் ஒரிஜினல். டயர் நான்கிலும் 0919! காரோடு வந்த டயர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. முன் பிரேக் டிஸ்க்கின் ஓரத்தில் நகம் மாட்டுகிற அளவுக்கு மேடு. சர்வீஸ் ரசீதுகள் 2023 வரை ஒழுங்காக இருக்கின்றன, அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் எதுவும் இல்லை.

ஓட்டினேன். இரண்டிலிருந்து மூன்றுக்குக் கியர் வெண்ணெய்போல விழுகிறது. பக்கத்துக் கட்டடத்தின் வேகத்தடையில் சாய்வாக ஏறிப் பார்த்தேன், உடம்பு முறுக்கும் சத்தம் இல்லை. இறங்கவே மனமில்லை. ஆனால் பணம் எதுவும் கொடுக்காமல் வந்துவிட்டேன்.


பழைய_பிஸ்டன் | 6 டிசம்பர், இரவு 10.05

அந்த மழையில் போனீர்களே, அதுதான் சரியான வேலை. வெயில் நாளில் போயிருந்தால் அந்த ஈரம் தெரிந்திருக்காது.

கார் கழுவிய தண்ணீர் அங்கே வராது. கூரையில் விழும் தண்ணீர் இறங்குவதற்கு இருக்கைக்குப் பின்னால் வடிகுழாய் இருக்கிறது. மரத்தடியில் நிறுத்துகிற காரில் இலையும் தூசியும் சேர்ந்து அடைத்துவிடும், தண்ணீர் வழிந்து கம்பளத்துக்கு வரும். குழாய் அடைப்பு மட்டும் என்றால் சின்ன வேலை. ரப்பர் சீல் காய்ந்து சுருங்கியிருந்தால் செலவு கூடும். அந்த “கிறீச்” சத்தமும் காய்ந்த ரப்பராக இருக்கலாம். எதுவாக இருந்தாலும் கம்பளத்தைத் தூக்கி, அடியில் உள்ள ஒயர் முடிச்சுகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். ஈரம் ஒயருக்குப் போயிருந்தால் நான் வேண்டாம் என்பேன், விலை எவ்வளவு குறைத்தாலும் சரி.

விற்பவருக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் பரிசோதியுங்கள். விக்காம், எஸ்டிஏ என்ற வாகனப் பரிசோதனை நிலையங்கள் இரண்டிலும் பழைய கார் மதிப்பீடு செய்கிறார்கள். விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஒன்றரை வருடம் ரசீது இல்லாதது எனக்குப் பிடிக்கவில்லை. ஆயில் மூடியைத் திறந்து உள்ளே பார்க்கச் சொல்லுங்கள், சுத்தமாக இருந்தால் கொஞ்சம் ஆறுதல். கியர் ஆயில், டிஃபரென்ஷியல் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் எல்லாவற்றையும் மாற்றும் செலவை இப்போதே உங்கள் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.


ஒன்பதாயிரம் | 6 டிசம்பர், இரவு 11.40

ஃபெண்டர் பெயிண்டுக்காக விலையை அடிக்காதீர்கள், தம்பி. ரசீதைக் காட்டி உண்மையைச் சொன்னவரிடம் அதற்காகப் பணம் கேட்டால் அவர் அடுத்தமுறை எவரிடமும் சொல்லமாட்டார். டயர், பிரேக், ஈரம், ரசீது இல்லாத காலம், இந்த நான்கை மட்டும் பேசுங்கள். மழைக்காலத்தில் திறந்த காரைத் தேடி வருபவர்கள் குறைவு, அது உங்கள் பக்கம்.


யீஷூன்வாசி | 16 டிசம்பர், இரவு 8.30

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மதிப்பீட்டுக்கு விற்பனையாளர் முதலில் தயங்கினார், கட்டணத்தை நான் கட்டுகிறேன் என்றதும் சரி என்றார். அறிக்கையில் சட்டகம் நேர், என்ஜின் கசிவு இல்லை, முன் டிஸ்க் மாற்ற வேண்டும் என்று இருந்தது. கம்பளத்தை என் கண் முன்னாலேயே தூக்கினார்கள். ஒயர் முடிச்சு காய்ந்து சுத்தமாக இருந்தது. வடிகுழாயிலிருந்து கைப்பிடி அளவு கறுத்த இலைக் கூழ் வந்தது. ஆயில் மூடிக்கு அடியிலும் படிவு எதுவும் இல்லை.

பிறகு உட்கார்ந்து பேசினோம். தாளில் எழுதி அவர் பக்கம் திருப்பிவைத்தேன். நான்கு டயர் 960, முன் டிஸ்க்கும் பேடும் 850, இடது கூரை சீல் 700, எல்லா ஆயிலும் 600. மொத்தம் 3,110. இவை நானே மூன்று இடங்களில் விசாரித்த விலைகள். அப்புறம் பேப்பர் 37,920-ஐயும் அன்றைய சிஓஇயை வைத்துப் போட்ட கணக்கையும் காட்டினேன். ரசீது இல்லாத ஒன்றரை வருடத்துக்காக இரும்பின் விலையில் இன்னும் 4,000 குறைக்க வேண்டும் என்று கேட்டேன். ஃபெண்டரைப் பற்றிப் பேசவே இல்லை.

அவர் வெகுநேரம் தாளைப் பார்த்தார். “இப்படிக் கணக்கோடு வருபவர்கள் குறைவு” என்றார். 90,000 என்றார். நான் 85,500 என்றேன். வெளியே போய் யாருக்கோ தொலைபேசியில் பேசிவிட்டு வந்து 87,000, கடைசி விலை என்றார். பார்ஃப் 18,400-ஐக் கழித்தால் வருடத்துக்குச் சரியாக 19,600. கணக்குப்பிள்ளை அண்ணன் வழியில் போட்டால் இரும்பு 24,580. அந்த என்ஜினையும் கியரையும் ஓட்டிப் பார்த்த பிறகு அதற்கு அந்தத் தொகையைக் கொடுக்க எனக்கு முழு மனது. கைகொடுத்துவிட்டேன். பெயர் மாற்றம் வெள்ளிக்கிழமை.

ஓடும் செலவுக்கு முதல் நாளே தனியாக 4,000 எடுத்துவைத்திருக்கிறேன். எல்லாருக்கும் நன்றி. அக்கா, எக்ஸாஸ்ட் ஒரிஜினல்தான், கீழே படுத்துப் பார்த்துவிட்டேன்.


கணக்குப்பிள்ளை | 16 டிசம்பர், இரவு 9.00

நல்ல விலை, தம்பி. 88,500 வரை நான் நியாயம் என்றே சொல்லியிருப்பேன்.


தேக்கா_அக்கா | 16 டிசம்பர், இரவு 9.15

சந்தோஷம்! பேசியது எல்லாவற்றையும் விற்பனை ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் அவர்கள் மாற்றித் தருவதா, நீங்கள் மாற்றுவதா என்பதும் அதில் இருக்கட்டும்.


பழைய_பிஸ்டன் | 16 டிசம்பர், இரவு 9.50

புது டயர் போட்ட முதல் 200 கிலோமீட்டருக்கு மழையில் நிதானமாகப் போங்கள், மேல்தோல் வழுக்கும். கார் நிறுத்த வீவக (வீடமைப்புக் கழகம்) பலமாடியில் கூரைக்குக் கீழே இடம் கேளுங்கள், மொட்டைமாடி வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வடிகுழாயில் மெல்லிய நைலான் கயிறு விட்டு எடுங்கள். ரப்பர் சீலுக்குச் சிலிக்கான் கிரீஸ் விரலால் தடவினால் போதும், துணியில் தோய்த்து அழுத்தித் தேய்க்கக்கூடாது. முதல் தடவை எப்படிச் செய்வது என்று தெரியவில்லை என்றால் ஒரு சனிக்கிழமை காலையில் காக்கி புக்கிட் பக்கம் வாருங்கள், காட்டித் தருகிறேன்.